எட்டும் உயரத்துக் கதவு

மார்ச் 4, செவ்வாய்

இறால் நாப்ளி வந்து இறங்கியது. விடியலில் வர வேண்டிய வண்டி வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. திண்டிவனம் தாண்டி டயர் வெடித்ததாம். பைகளைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீரில் குளிர்ச்சி இல்லை. ஒரு குவளையில் எடுத்து விளக்கருகே பிடித்தேன். நல்ல நாப்ளி வெளிச்சத்தைக் கண்டால் ஓடி வரும். இவையும் வந்தன, ஆனால் யோசித்து யோசித்து வந்தன.

சாகரதீபா கம்பெனியின் ஹரிகிருஷ்ணனைப் போனில் பிடித்தேன். "மேடம், இதே லாட்தான் எல்லாருக்கும் போயிருக்கு. வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். வேறு யாரும் சொல்லவில்லை என்றால் தப்பு என் தண்ணீரில் என்று பொருள்.

மத்தியானம் இலக்கியா விடுதியிலிருந்து கூப்பிட்டாள். கல்லூரியில் ஏதோ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "அம்மா, இறால் தொழில்ல நம்ம பொரிப்பகத்தோட இடம் என்னன்னு நாலு வரி சொல்லேன்."

சொன்னேன். சாகரதீபா மாதிரி பெரிய கம்பெனிகள் தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து முட்டையிட வைக்கும். பொரிந்த அன்றைக்கே அதை நாம் வாங்குவோம், அதற்குப் பெயர்தான் நாப்ளி. தொட்டியில் மூன்று வாரம் வளர்த்தால் கண்ணுக்குத் தெரிகிற குஞ்சு. அதைக் குட்டைக்காரர்கள் வாங்கிப் போய்ப் பெரிதாக்கி ஏற்றுமதிக்குக் கொடுப்பார்கள்.

"அப்ப நாம நடுவுல."

"நடுவுலதான்."

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அந்தச் சொல் சாயங்காலம் வரை போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

பக்கத்துக் காம்பவுண்டு கஃபூர் பாய் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பாமல் தானே தூக்குவாளியோடு வந்தார். அவருடைய பொரிப்பகத்தின் பெயர்ப் பலகையில் நேற்றிலிருந்து சாகரதீபாவின் பெயர். இனி அவர் சொந்தமாக விற்க மாட்டார், கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கிற ஆள்.

"நாப்ளி அவன்து, தீனி அவன்து, பையில பேரும் அவன்து. செத்தா அவன்து, பொழச்சா அவன்து" என்றார் பாய். "தூக்கம் வருதும்மா மங்கை. எத்தினி வருசமாச்சு தெரியுமா இப்பிடித் தூங்கி?"

என் வீட்டுக்காரர் கஞ்சியைக் குடித்துக்கொண்டே நிறையக் கேள்வி கேட்டார். எத்தனை தொட்டி, யார் ஆள் வைப்பது, எந்தத் தேதிக்குக் கையெழுத்து. நமக்கு அந்த எண்ணம் கிடையாது என்று போன வாரம்தான் இவரே சொன்னார். சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருப்பார்.

மார்ச் 8, சனி

ஜோயா பருவம், நாப்ளி தோலுரித்து மாறும் அடுத்த கட்டம். இதுதான் கண்டம். தோலுரிக்க முடியாமல் தொட்டியின் அடியில் படிய ஆரம்பித்திருக்கின்றன. வாலுக்குப் பின்னால் நூல் மாதிரி தொங்க வேண்டிய கழிவு இல்லை, அப்படியென்றால் தின்னவில்லை. தண்ணீரை மாற்றினோம், பாசியை மாற்றினோம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் எட்டியப்பன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். போகச் சொன்னேன். "போயி என்னாம்மா பண்றது?" என்றான்.

குழம்பில் உப்பு இல்லை என்று இவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாம் தொட்டி பாதிக்கு மேல் போய்விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பிழைத்துவிட்டன. நம்பவே முடியவில்லை. மிச்சமிருந்தவை தோலுரித்துவிட்டன, குடல் நிறைந்திருக்கிறது, தீனியைத் துரத்துகின்றன. புதிதாக வாங்கிய புரோபயாடிக் வேலை செய்திருக்க வேண்டும். அப்படித்தான் இவரும் சொன்னார்.

பம்ப் அறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் வெள்ளிக் காகிதப் பொட்டலம் இரண்டு கிடந்தது. அச்சு எதுவும் இல்லை. எட்டியப்பனைக் கேட்டேன். "அய்யாதான் எதுவோ கலக்குனாரு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பக்கம் அடிக்கடி ஆட்கள் டீத்தூள், பீடி எல்லாம் போடுகிறார்கள். பொட்டலத்தை எரித்துவிட்டேன். குப்பை சேரக் கூடாது.

இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனிதர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 15, சனி

ஹரிகிருஷ்ணன் வந்தார். வஞ்சிரம் வறுத்திருந்தேன். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருக்கிறார், கையைக் கழுவிவிட்டுத் தட்டையும் தானே எடுத்து வைக்கிறார். சாப்பிட்டு முடித்துத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மேடம், இந்த வருஷத்துக்கு அப்பறம் வெளிய நாப்ளி விக்கிறதைக் கம்பெனி குறைக்கப் போகுது. எங்க சொந்த யூனிட்டுக்கே பத்தலை. கஃபூர் பாய் மாதிரி எங்களோட வர்றவங்களுக்குத்தான் முதல்ல."

"வராதவங்களுக்கு?"

"மிச்சம் இருந்தா."

வந்த லாட் பலவீனமாக இருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "எங்க கேட்டை விட்டு வெளிய வரும்போது சுத்தம் மேடம். சர்டிபிகேட் இருக்கு. அதுக்கப்பறம் உங்க தண்ணி, உங்க தொட்டி, உங்க கை."

நமக்கு நாப்ளி விற்பதும் அவர்கள். குஞ்சு விற்பதில் நமக்கு எதிராளியும் அவர்கள். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் சமையலறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது இவர் கார் வரை போனார். திரும்பி வர நேரமாயிற்று. கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

மார்ச் 24, திங்கள்

குஞ்சு பேக்கிங். கிள்ளை ஊர் ஞானசௌந்தரிக்குத்தான் முழுவதும். அவள் புருஷன் இறந்த பிறகு இரண்டு குட்டைகளைத் தானே பார்க்கிறாள். முதல் நாளிலிருந்து நம்மிடம்தான் குஞ்சு எடுப்பாள். பையில் ஆக்சிஜன் ஏற்றும்போது பக்கத்திலேயே நின்றாள்.

"அக்கா, குஞ்சு தெளிவா இருக்குதா?"

"இருக்குது."

"நீங்க சொன்னா போதும்."

ஓடுகின்றன, தின்கின்றன, நிறம் இருக்கிறது. வேறென்ன பார்க்க முடியும்? இருந்தும் வண்டி கிளம்பிப் போனபின் தலைவலி. மாத்திரை போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

அடுத்த நாப்ளி வந்தது. அதே வண்டியில் பாதி நமக்கு, பாதி கஃபூர் பாய்க்கு. இந்தத் தடவை பார்க்க நன்றாகவே இருக்கின்றன. நன்றாக இருப்பதும் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சௌந்தரி போன். "அக்கா, குட்டைய சுத்தி காக்கா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 9, புதன்

முதல் பஸ் பிடித்துக் கிள்ளைக்குப் போனேன். இவரிடம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேனென்று தெரியவில்லை.

குட்டை ஓரத்தில் வெளுத்த குஞ்சுகள் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. காக்கைகள் ஆளைக் கண்டு பறக்கவில்லை. ஒரு எட்டுத் தள்ளி நின்றன, அவ்வளவுதான். சௌந்தரி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"மருந்து போட்டு வளத்தீங்களாக்கா? மருந்துல வளந்த குஞ்சுதான் குட்டையில எறங்குனதும் இப்பிடிச் சுருண்டுடும்னு சொல்றாங்க."

"எனக்குத் தெரியாது சௌந்தரி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

தெரியாது என்றது பொய்யில்லை. நான் கேட்கவில்லை, அதனால் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கடலூர் தாண்டுவதற்குள் அந்த வாக்கியம் தேய்ந்து போய்விட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. தொட்டிக் கொட்டகையைச் சுற்றிலும் கறுப்புத் தார்ப்பாய். உள்ளே பகலிலேயே இருட்டு. ஜெனரேட்டரை ஓடவிடப் போன எட்டியப்பன், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அம்மா, தண்ணி மினுக்குது."

போய்ப் பார்த்தேன். முதல் தொட்டியில் கையை விட்டு அலசினேன். விரல்களைச் சுற்றி நீலமாக ஒளி எழுந்து அடங்கியது. இரண்டாம் தொட்டியிலும். நான்காம் தொட்டியிலும். கடலில் இப்படி ஒளிர்ந்தால் பாண்டிச்சேரிப் பிள்ளைகள் விடிய விடிய நின்று வீடியோ எடுப்பார்கள். தொட்டியில் ஒளிர்ந்தால் அது பாக்டீரியா. குஞ்சின் உடம்புக்குள் புகுந்துவிட்ட பிறகுதான் இவ்வளவு வெளிச்சம் வரும். ஈரக் கையைப் புடவையில் துடைத்தேன். புடவையும் ஒரு கணம் மின்னியது. எனக்கு அலற வேண்டும் போல இருந்தது.

இவர் வந்தார். இருட்டில் நின்று பார்த்தார். "நாலு நாள்ல பேக்கிங்" என்றார்.

"இதை எப்படிங்க விக்கிறது?"

"மருந்து போட்டா அடங்கிடும் மங்க. போன தடவை அடங்கலையா?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி விளக்கு எரிந்தது. நீலம் போய்விட்டது. தொட்டியில் குஞ்சுகள் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

"கம்பெனியோட கையெழுத்துப் போடுறதா வார்த்தை குடுத்துட்டேன்" என்றார். "அதுக்கு முன்னால ஒரு லாட் கெட்டுச்சுன்னு வெளிய தெரிஞ்சா நம்மளச் சேக்க மாட்டாங்க. சேக்கலைன்னா நாப்ளியும் இல்ல. நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

பயப்படுகிற மனிதரிடம் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. நானும் பயந்துதானே அந்தப் பொட்டலத்தை எரித்தேன்.

ஏப்ரல் 12, சனி

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். எட்டியப்பன், "என் கையால வேணாம்மா" என்று ஒதுங்கிக்கொண்டான். நானே ஒவ்வொரு தொட்டியாக ஊற்றினேன். முதலில் துள்ளின. அப்புறம் மழை விட்ட மாதிரி அமைதி. கண்ணும் மூக்கும் எரிந்தன. இவர் மொட்டை மாடியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வரவில்லை, தடுக்கவும் இல்லை.

பிறகு கஃபூர் பாய் வீட்டுக்குப் போனேன். "பாய், உங்க தொட்டியில விளக்கணைச்சுப் பாருங்க. ஒரே வண்டியில வந்தது."

"பாத்தேன்" என்றார் மெதுவாக. "அவங்க ஆளுகிட்டயும் சொன்னேன். பேக் பண்ணுன்னுட்டான். நான் என்னம்மா பண்றது, என் குஞ்சா அது?"

"எங்க போகுது?"

"சிதம்பரம் பக்கம், கிள்ளை, அங்கெல்லாம்."

கிள்ளைப் பக்கம் எத்தனையோ குட்டைகள் இருக்கின்றன.

ஏப்ரல் 15, செவ்வாய்

பாய் கொட்டகையிலிருந்து மூன்று வண்டிகள் கிளம்பின. சன்னலிலிருந்து பார்த்தேன். போனை எடுத்து சௌந்தரியின் எண் வரை போனேன். நேற்றுதான் புது வருஷம் பிறந்திருக்கிறது, இந்த நேரத்தில் கூப்பிட்டு என்ன சொல்வது. இரண்டாம் தடவையாக அவள் யாரிடம் குஞ்சு எடுக்கிறாளோ. நம்மிடம் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு நாம் எப்படிப் புத்தி சொல்வது.

கையெழுத்து அடுத்த மாதம் மூன்றாம் தேதியாம். இவர் ஒரு புதுச் சட்டை வாங்கியிருக்கிறார்.

ஏப்ரல் 30, புதன்

ஹாஜிராம்மா, கஃபூர் பாயின் வீட்டுக்காரி, துணி காயப்போடும்போது சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார்: "ரெண்டு நாளா அவருக்குப் போன் மேல போன். எடுக்கவே மாட்டேங்குறாரு மங்கை."

மே 2, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் வீடு திரும்பிய நேரம். வேன்களிலும் பைக்குகளிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஐம்பது பேராவது இருக்கும். பெயிண்ட் வாளிகளில் செத்த இறால். பாய் வீட்டு இரும்புக் கேட்டின் மேல் கொட்டினார்கள். நாற்றம் இங்கே வரை வந்தது. கம்பெனி பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டிகளைப் போட்டு மிதித்தார்கள்.

"கம்பெனியப் போயி கேளுங்கய்யா! பையில என் பேரா இருக்குது?" உள்ளேயிருந்து பாய் கத்துவது கேட்டது.

"அவன் கேட் எங்க இருக்குதுன்னு எங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்? உன்னுதுதான் தெரியும்" என்றான் ஒருவன்.

பாய் அன்றைக்குக் கஞ்சியோடு வந்து தூக்கத்தைப் பற்றிப் பேசியது எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது. அப்போது தோன்றியது வேறு. மேலே இருக்கிறவன் கதவு கீழே இருக்கிறவனுக்கு எட்டாது. எங்கள் கதவுதான் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. பெயரை எழுதினாலும் அழித்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

ஹாஜிராம்மா போன் செய்தார். "நெஞ்ச அடைக்குதுங்குறாரு. வண்டிய வெளிய எடுக்க விட மாட்டேங்குறாங்க. நீங்க யாராவது வாங்களேன்."

நான் செருப்பைத் தேடினேன். இவர் வாசலை மறித்து நின்றார். "மங்க, நாளைக்குக் கையெழுத்து. நீ அங்க போயி ஒரு வார்த்தை பேசினாலும் அவ்வளவுதான். போலீசுக்குச் சொல்லியிருக்கேன், வருவாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள பாய்க்கு ஏதாவது ஆயிட்டா?"

அவர் விலகவில்லை. நான் பின்கட்டு வழியாகப் போனேன்.

கூட்டத்துக்குள் நுழைந்தேன். கேட்டில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். முதுகில் ஈரமும் பிசுபிசுப்பும். "உள்ள ஒரு மனுஷனுக்கு நெஞ்சு வலி. வண்டிக்கு வழி விடுங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "அது அவர் குஞ்சு இல்ல. சாகரதீபா நாப்ளி. அதே வண்டியில வந்தது என்கிட்டயும் இருந்துச்சு. இருட்டுல ஒளி விட்டுச்சு. நான் அத்தனையும் கொன்னேன். பாயை அவங்க விக்கச் சொன்னாங்க."

சத்தம் குறைந்தது. அப்போதுதான் அவளைப் பார்த்தேன். முன்வரிசையில், கையில் காலி வாளியோடு சௌந்தரி.

"ஒங்க தொட்டியில அது தெரிஞ்ச அன்னிக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

நான் அவள் வாளியைப் பார்த்தேன்.

"சரி. போன தடவை எனக்குக் குடுத்தீங்களே. அது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"அதுல மருந்து விழுந்துச்சு" என்றேன். "எனக்குத் தெரியும்."

ஒரு அட்டைப்பெட்டி வந்து தோளில் மோதியது. யார் வீசினார்கள் என்று தெரியவில்லை. அடுத்து என்ன வருமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. திறந்தபோது எனக்கு முன்னால் இவர் நின்றுகொண்டிருந்தார், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு.

"போட்டது நானு" என்றார். "அவ இல்ல. அடிக்கிறதுன்னா என்னை அடிங்க. மொதல்ல அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவன் இவர் சட்டையைப் பிடித்தும்விட்டான். சௌந்தரிதான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வழி விடுங்கடா, செத்துத் தொலைஞ்சான்னா யாருகிட்ட கேக்குறது" என்று திட்டிக்கொண்டே ஆட்களைத் தள்ளினாள். கேட் திறந்தது. பின்சீட்டில் பாயின் முகம் சாம்பலாக இருந்தது. வண்டி பாண்டிச்சேரிப் பக்கம் போயிற்று.

மே 3, சனி

பாய் பிழைத்துக்கொண்டார். ரத்தக் குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டார்கள்.

ஹரிகிருஷ்ணன் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "மேடம், நீங்க பேசினது வீடியோவா சுத்துது. மேலிடத்துல பாத்துட்டாங்க. இனி உங்க சைடு வண்டி வராது. நான் ஒண்ணும் பண்ண முடியாது, தப்பா நினைக்காதீங்க."

புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடக்கிறது.

மே 19, திங்கள்

சென்னையில் கேட்டோம், நெல்லூரில் கேட்டோம். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "இந்த சீசன் புக்கிங் முடிஞ்சுதுங்க." தொட்டிகள் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கின்றன. எட்டியப்பனை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னோம். சரி என்றான், மறுநாளும் வந்து கொட்டகையைப் பெருக்கினான்.

பாய் கொட்டகைச் சாவியைக் கம்பெனி ஆட்கள் வாங்கிப் போனார்கள். பலகையையும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். குட்டைக்காரர்களுக்கு அவர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லையாம்.

இவர் இரவில் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. வீடு, இலக்கியாவின் படிப்பு, வரப்போகிற மழைக்காலம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன.

ஜூன் 1, ஞாயிறு

வாசலில் வேன் நின்ற சத்தம் கேட்டு நான் ஓடிப் போய்க் கதவைத் தாழிட்டேன். உண்மை அதுதான். இவர்தான் திறந்தார்.

சௌந்தரியும் நான்கு குட்டைக்காரர்களும். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். அதற்கே எனக்கு மூச்சு வந்தது.

"ஆந்திராவுல பீமவரம் தாண்டி ஒருத்தரு சின்ன அளவுல தாய் இறால் வெச்சிருக்காராம்" என்றாள் சௌந்தரி. "நாங்க அஞ்சு பேரு சேந்து நேரா அவருகிட்ட நாப்ளி பேசிட்டோம். எங்க ஆளு ஒருத்தன் போயி கூடவே உக்காந்து கொண்டாருவான். வளக்கத் தொட்டி வேணும்."

"எங்ககிட்டயா?" என்று இவர் கேட்டார். கேட்ட விதம் பாவமாக இருந்தது.

"ஒங்கள நம்பி வரல. அந்தக்கா அத்தினி பேரு முன்னால சொன்னாங்களே, அதுக்காக வந்தோம். எங்களுக்குன்னு வளத்துக் குடுங்க. கூலி பேசிக்கலாம். ஒண்ணு, தொட்டி கெட்டா அன்னிக்கே எங்களுக்குத் தெரியணும். கொன்னுட்டு அடுத்தது எடுப்போம், நட்டம் எல்லாருக்கும். இன்னொண்ணு, எங்காளு ஒருத்தரு எப்பவும் கொட்டகையில இருப்பாரு."

அவர்கள் போனபின் இவர் சொன்னார்: "முன்னால கம்பெனிக்குப் பயந்தோம். இனிமே இவங்களுக்கு."

இருக்கலாம். ஆனால் இவர்கள் என் வீட்டில் நின்று பேசினார்கள்; என்னாலும் இவர்கள் வீட்டில் போய் நிற்க முடியும். அந்த ஒன்றுக்காகச் சரி என்றோம்.

ஜூன் 12, வியாழன்

நாப்ளி வந்தது. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் கை தோலுரிந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் தொட்டி சரியில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு அவரே போனை எடுத்து சௌந்தரிக்குச் சொன்னார். அரை மணியில் முடிவாயிற்று, அந்த ஒரு தொட்டியைக் கொன்றோம். பேசி முடித்ததும் அவர் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 3, வியாழன்

குஞ்சு கிளம்பியது. பையில் யார் பெயரும் இல்லை, எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 24, வியாழன். கிள்ளை

நேற்றே வந்துவிட்டேன். சௌந்தரி கூப்பிடவில்லை. வராமல் இருக்க முடியவில்லை.

குஞ்சு விட்டு மூன்று வாரம் ஆகும்போதுதான் குட்டையில் முதல் தடவையாகத் தட்டு இறக்கிப் பார்ப்பார்கள். வலைத் தட்டில் ஒரு பிடி தீனியைப் போட்டுக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவது. பிறகு தூக்கிப் பார்த்தால் தீனி அப்படியே மிச்சம் இருக்கும், அப்படியென்றால் தின்ன உயிர் இல்லை; அல்லது இருக்காது. அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

தட்டை இறக்கிவிட்டு நடைபாலத்தில் உட்கார்ந்திருந்தோம். காலை வெயில் சுட ஆரம்பித்தது.

"பயமா இருக்குது சௌந்தரி."

"எனக்கு மட்டும் இல்லியா? நவுருங்க."

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அக்கா" என்றாள். "கண்ணத் தொறங்க. தட்டுல ஒண்ணுமே இல்ல."